3 அடி ரீஃப் டேங்குக்குக் கல் அடுக்குவது: எவ்வளவு, எந்தக் கல், எப்படி நிறுத்துவது?

ராயபுரம்_ரீஃப்

எல்லாருக்கும் வணக்கம். பல வருஷமாக நன்னீர் டேங்க் வைத்திருக்கிறேன், இப்போதுதான் பவளமும் மீனும் சேர்த்து வளர்க்கும் ரீஃப் டேங்க் என்று உப்புத்தண்ணீர் பக்கம் வருகிறேன். டேங்க் 3×1.5×1.5 அடி, கீழே சம்ப் (தண்ணீர் இறங்கிச் சுத்தமாகும் துணைத் தொட்டி), அழுக்கை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மர், நீரோட்டம் தர ஒரு வேவ்மேக்கர். கசிவு இல்லை என்று சாதாரணத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாகிவிட்டது, சுமார் 190 லிட்டர் பிடிக்கிறது. மீனில் வளர்க்க நினைப்பது க்ளவுன் ஜோடி, ஒரு ராயல் கிராமா, வாட்ச்மேன் கோபியும் அதோடு ஒரு பிஸ்டல் இறாலும். பவளத்தில் ஜோயாந்தஸ், மஷ்ரூம், லெதர் என்று மென்பவளம் மட்டும்.

கல்லில்தான் நிற்கிறேன். கொளத்தூரில் ஒரு கடைக்காரர் 25 கிலோ இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது என்கிறார், இன்னொருவர் 10 கிலோ போதும் என்கிறார். நான் மனதில் வைத்திருந்தது, பின் கண்ணாடியில் சாய்த்து மேல்வரைக்கும் அடுக்கி ஒரு சுவர் மாதிரி. அது சரியாக வருமா? மணலை முதலில் போடுவதா கல்லையா? விவரமாகச் சொல்லுங்கள், ஒருமுறை தண்ணீர் ஊற்றிவிட்டால் அப்புறம் கலைப்பது கஷ்டம் என்று எல்லாருமே சொல்கிறார்கள்.

கோவை_உப்புநீர்

தம்பி, கடைக்காரர் சொன்ன 25 கிலோ எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து அமெரிக்கக் கணக்கு ஒன்று இருக்கிறது, ஒரு கேலனுக்கு ஒரு பவுண்டு கல், லிட்டரில் சொன்னால் சுமார் 120 கிராம். உங்கள் 190 லிட்டருக்கு அது 23 கிலோ. பெர்லின் முறையில் ஓடிய டேங்குகளுக்கு வந்த கணக்கு அது. தனியாக ஃபில்டர் மீடியா கிடையாது, லைவ் ராக் என்கிற, உயிர்கள் குடியிருக்கும் கடல்கல்லும் ஸ்கிம்மரும்தான், அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா முழுக்கக் கல்லிலேயே இருந்தாக வேண்டும். உங்களிடம் சம்ப் இருக்கிறது. அதில் ஒரு பை செராமிக் மீடியா போட்டால் பாக்டீரியாவுக்கு இடம் தாராளம். அதனால் டேங்குக்குள் வைக்கும் கல்லை மீனுக்கும் பவளத்துக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ற மாதிரி முடிவு செய்யலாம். துளை நிறைந்த, எடை குறைந்த கல் என்றால் 10 முதல் 12 கிலோ எனக்குப் போதும்.

சுவர் வேண்டாம். இதை அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருகிற எல்லாருமே முதலில் அதைத்தான் நினைக்கிறார்கள். பின் கண்ணாடியில் கல் சாய்ந்திருந்தால் அதற்குப் பின்னால் தண்ணீர் ஓடாது. மீன் கழிவும் மிச்சத் தீனியும் அங்கே போய்த் தங்கும், கை நுழையாது, சைஃபன் குழாயும் நுழையாது, நைட்ரேட் ஏன் ஏறுகிறது என்று தெரியாமல் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். முன்னாலிருந்து பார்த்தாலும் தட்டையாக, ஆழமே இல்லாமல் தெரியும்.

முன்பின்னாக உங்களுக்குக் கிடைப்பது 45 செ.மீ. முன்னால் 10 செ.மீ விட்டுவிடுங்கள், பாசி தேய்க்கும் மேக்னெட் மணலில் மாட்டாமலும் கல்லில் இடிக்காமலும் போய்வர அது வேண்டும். பின்னால் 6, 7 செ.மீ. பக்கவாட்டிலும் கை போகிற அளவு இடம். மீதி 28 செ.மீ அகலத்தில்தான் உங்கள் கல் நிற்க வேண்டும். உயரத்தில் தண்ணீர் மட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாதீர்கள், உங்கள் டேங்கில் 27, 28 செ.மீ. இப்போது காலியாகத்தான் தெரியும். ஆனால் ஒரு டோட்ஸ்டூல் லெதர் நன்றாகப் பிடித்துக்கொண்டால் 30 செ.மீ அகலக் குடையாக விரியும், அதை 35 செ.மீ உயரத்தில் உட்காரவைத்தால் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடும். கல் அடுக்கும்போது கண்ணில் படுவது வெறும் கல், ஆனால் திட்டம் போட வேண்டியது அதன்மேல் இரண்டு வருஷம் கழித்து நிற்கப்போகும் பவளத்துக்கு.

இரண்டு தீவாகப் பிரியுங்கள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது, நடுவில் மணல் தெரிகிற ஒரு சந்து. அந்தச் சந்து டேங்கின் சரி நடுவில் வரக்கூடாது, மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வந்தால் கண்ணுக்கு நன்றாக இருக்கும்.

மதுரை_சம்ப்

அக்கா சொல்வதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் 10 கிலோ என்பது புதியவருக்கு ஆபத்தான கணக்கு. செராமிக் மீடியா அம்மோனியாவைப் பார்த்துக்கொள்ளும், சரி. நைட்ரேட்டை யார் பார்ப்பது? கல்லின் உள்பகுதியில் ஆக்ஸிஜன் போகாத இடத்தில்தான் நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகி வெளியேறுகிறது. கல் பெரிதாகவும் தடிமனாகவும் இருந்தால்தான் அந்த உள்பகுதி கிடைக்கும். அதோடு கல்லில் ஒளிந்து வாழும் புழு, கோப்பிபாட், சிறு நத்தை எல்லாம் சேர்ந்துதான் டேங்கைச் சுத்தமாக வைத்திருக்கின்றன, அவற்றுக்கும் இடம் வேண்டும். கல் குறைந்தால் மீன்கள் ஒளிய இடமில்லாமல் அடித்துக்கொள்ளும். நான் 18 கிலோவுக்குக் குறைய மாட்டேன். கல் சுண்ணாம்பு என்பதால் பிஎச்சையும் பிடித்து வைக்கும்.

கோவை_உப்புநீர்

மதுரை சார், நைட்ரேட் விஷயம் உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூடுதல் 6, 8 கிலோவைச் சம்புக்குள் போடலாமே? பாக்டீரியாவுக்கு வெளிச்சமும் தேவையில்லை, அழகும் தேவையில்லை. டேங்குக்குள் நீரோட்டத்தை மறைக்காமல் இருக்கும்.

பிஎச் விஷயத்தில் மட்டும் உடன்பட முடியாது. கல்லில் இருக்கும் அரகொனைட் என்ற சுண்ணாம்பு 8க்கு மேல் பிஎச் உள்ள கடல்தண்ணீரில் கரையாது. அதைக் கரைப்பதற்கென்றே இருக்கும் கால்சியம் ரியாக்டர் கருவிக்குள் கார்பன் டை ஆக்ஸைடு விட்டு பிஎச்சை 6.5 பக்கம் இறக்கினால்தான் அது கரைகிறது. டேங்கில் எவ்வளவு கல் போட்டாலும் அல்கலினிட்டியை (பிஎச் இறங்காமல் தாங்கும் சக்தியை) தனியாகத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தம்பி, கல் இருக்கிறதே என்று டெஸ்ட் கிட் வாங்காமல் இருந்துவிடாதீர்கள்.

சிங்கை_அலை

இருவருக்கும் நடுவில் வருகிறேன். எடையைவிட அமைப்பு முக்கியம். 12 கிலோ கல்லில் நாலு குகை வரலாம், 20 கிலோவில் ஒன்றுகூட வராமல் ஒரே குவியலாகவும் போகலாம். ராயல் கிராமாவுக்கு ஒரு கூரை வேண்டும். அது கூரையை ஒட்டித் தலைகீழாக நீந்தும், அந்தக் கூரையைத் தன் இடம் என்று காப்பாற்றும். அதனால் அதன் குகையைச் சின்னத் தீவிலும் க்ளவுன் ஜோடிக்கு ஒதுங்க இடத்தைப் பெரிய தீவிலும் வையுங்கள், ஒன்றை ஒன்று நேராகப் பார்க்காத மாதிரி. குகை எதுவானாலும் இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மூடியிருந்தால் அழுக்கு உள்ளேயே தங்கும்.

நீரோட்டத்தைப் பற்றி யாரும் இன்னும் விரிவாகச் சொல்லவில்லை. மென்பவளத்துக்கு மணிக்கு டேங்க் கொள்ளளவைப் போல 10 முதல் 20 மடங்கு ஓட்டம் இருந்தால் நன்றாக இருக்கும், உங்களுக்கு 2000 முதல் 4000 லிட்டர். வேவ்மேக்கரை ஒரு பக்கக் கண்ணாடியில் மேலே வைத்து நீளவாக்கில் விட்டால் தண்ணீர் எதிர்க்கண்ணாடியில் மோதி, கீழே இறங்கி, மணலை ஒட்டித் திரும்பி வரும். அந்தத் திரும்பும் பாதையில் குறுக்காகக் கல்லைப் போட்டால் சுழற்சி உடைந்துவிடும். அதனால்தான் தீவுகளின் அடிப்பகுதி குறுகலாகவும் மேற்பகுதி அகலமாகவும் இருப்பது நல்லது. அடியில் மண் தொடுகிற இடம் குறையும், கோபி நடமாடவும் இடம் கிடைக்கும். அப்படி வைக்க வேண்டும் என்றால் வெறுமனே அடுக்கினால் நிற்காது, ஒட்டித்தான் ஆக வேண்டும்.

இங்கே சிங்கப்பூரில் முன்பெல்லாம் லைவ் ராக்தான் வாங்குவோம். 2018 வாக்கில் ஃபிஜியும் இந்தோனேசியாவும் ஏற்றுமதியை நிறுத்திய பிறகு பலர் ட்ரை ராக் என்ற உயிரில்லாத காய்ந்த கல்லுக்கு மாறினார்கள், நானும் அப்படித்தான். அதில் ஒரு வசதி, காய்ந்த கல்லை மேசையில் வைத்து நிதானமாக உடைத்து, ஒட்டி, பிடிக்கவில்லை என்றால் பிரித்து மறுபடி செய்யலாம். லைவ் ராக்கில் அந்த நேரம் கிடையாது, வெளியே இருக்க இருக்க அதிலுள்ள உயிர்கள் செத்துக்கொண்டிருக்கும். ட்ரை ராக்கில் ஐப்டாசியா என்ற தொல்லை பிடித்த அனிமோன், மான்டிஸ் இறால், வலோனியா பாசி எதுவும் கூடவே வராது என்பதும் பெரிய நிம்மதி.

ராயபுரம்_ரீஃப்

மிகவும் நன்றி அக்கா, அண்ணா. சுவர் யோசனையை விட்டுவிட்டேன். இப்போது எந்தக் கல் என்ற கேள்வி. வெளிநாட்டு ட்ரை ராக் விலை கேட்டேன், 12 கிலோ என்றாலும் கையைக் கடிக்கிறது. தெரிந்தவர் ஒருவர் ராமேஸ்வரம் பக்கம் கரையில் ஒதுங்கிய பழைய பவளக்கல் கொண்டுவந்து தருகிறேன், உயிரில்லாததுதான், பிரச்சினை இல்லை என்கிறார். இன்னொருவர் அரியலூர் சுண்ணாம்புக்கல் போடச் சொல்கிறார். இரண்டில் எது நல்லது?

தூத்துக்குடி_கரை

முதலாவது வேண்டவே வேண்டாம் தம்பி. கல்பவளம் எல்லாமே, ஸ்க்ளெராக்டினியா என்று சொல்கிற மொத்த வரிசையும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. 2001இல் சேர்த்தார்கள். கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் அதில்தான். செத்துக் காய்ந்த துண்டும் அட்டவணை உயிரின் உடல்பாகம்தான், கரையில் பொறுக்கியது என்று சொல்லித் தப்ப முடியாது. வீட்டில் வைத்திருந்தாலே வழக்கு வரும்.

சட்டத்தை விடுங்கள். எங்கள் பக்கம் பவளத்தை எவ்வளவு அள்ளினார்கள் என்பது இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். சுண்ணாம்பு சுடவும் கட்டடத்துக்கும் வள்ளம் வள்ளமாக வெட்டி எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவு என்று கணக்கு, 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள், அதில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் இப்போது தண்ணீருக்கு அடியில். பவளத்திட்டு அலையை உடைக்காவிட்டால் தீவு கரைந்து போகும். கரையில் ஒதுங்கிய துண்டும் அந்தத் தீவுகளின் மணலாகப் போக வேண்டியதுதான். தயவுசெய்து உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள், உங்களுக்கு மட்டுமல்ல, வேறு யாருக்கும் கொண்டுவர வேண்டாம் என்று.

அரியலூர்க் கல் சட்டப்படி பிரச்சினை இல்லை, குவாரியில் கிடைப்பது. அதுவும் ஒருகாலத்தில் கடலடியில் படிந்ததுதான். ஆனால் இறுகிப்போன கல், துளை குறைவு, களிமண் கலந்து வரும், கைக்குக் கனம். அடியில் ஒன்றிரண்டு துண்டு வைக்கலாம், முழு அமைப்பும் அதில் செய்தால் மதுரைக்காரர் சொன்ன உள்பகுதி வேலை எதுவும் நடக்காது.

நான் சொல்வது சிமென்ட் கல். நீங்களே செய்யலாம். சிமென்ட்டில் பவளம் ஒட்டுமா என்று சந்தேகம் வேண்டாம். எங்கள் வான் தீவு தேய்ந்துகொண்டே வந்தபோது அதைக் காப்பாற்றத் துளை வைத்த சிமென்ட் அமைப்புகளைத்தான் கடலில் இறக்கினார்கள். அவை அலையையும் தடுக்கின்றன, மீனும் பவளமும் அதில் குடியேறவும் செய்தன.

ராயபுரம்_ரீஃப்

அண்ணா, நேரடியாகச் சொன்னதற்கு நன்றி. அவரிடம் இன்றே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். சிமென்ட் கல் எப்படிச் செய்வது என்று கொஞ்சம் விளக்க முடியுமா?

தூத்துக்குடி_கரை

சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட் ஒரு பங்கு. நொறுக்கிய சிப்பி ஓடு இரண்டு பங்கு, கோழித்தீவனக் கடையிலேயே கிடைக்கும், நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். கல்லுப்பு ஒன்று முதல் இரண்டு பங்கு. தண்ணீர் மிகக் குறைவாக, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிற பதம். உப்பைக் கடைசியில் சேர்த்து அதிகம் பிசையாமல் விடுங்கள், பிறகு தண்ணீரில் ஊறும்போது அது கரைந்து போன இடம்தான் துளை. ஈர மணலில் குழி பறித்து அதில் கொட்டினால் கல்லுக்கு இயற்கையான மேடுபள்ளம் வரும். நடுவில் ஈர மணல் உருண்டை வைத்துவிட்டு, இறுகியதும் சுரண்டி எடுத்தால் குகை. இரும்புக் கம்பி எதுவும் உள்ளே வேண்டாம்.

பொறுமை வேண்டிய இடம் இதற்குப் பிறகுதான். புது சிமென்ட் சுண்ணாம்பைக் கக்கிக்கொண்டே இருக்கும், பிஎச் 11, 12 என்று போகும். ஒரு டிரம்மில் சாதாரணத் தண்ணீரில் மூழ்கவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, ஒன்றிரண்டு மாதமாவது விட வேண்டும். தண்ணீர் மாற்றாமல் ஒரு வாரம் வைத்துப் பார்த்தும் பிஎச் 8.5ஐத் தாண்டவில்லை என்றால் டேங்குக்குப் போகலாம். சீக்கிரம் வேண்டும் என்று ஆசிட்டில் போடாதீர்கள், சிமென்ட் கல் அரித்துப்போகும்.

மதுரை_சம்ப்

சிமென்ட் கல் நல்ல யோசனை. யாராவது பழைய ட்ரை ராக்கைக் கைமாற்றிக் கொடுத்தால் அதற்கு வேறு வைத்தியம். பழைய கல் பாஸ்பேட்டை உறிஞ்சி வைத்திருக்கும், புது டேங்கில் மாதக்கணக்கில் விட்டுக்கொண்டே இருக்கும், முடிப்பாசி ஓயாது. உப்புத்தண்ணீரில் ஒரு வாரம் ஊறப்போட்டுப் பாஸ்பேட் அளந்து பாருங்கள். அதிகம் என்றால் பத்து பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கலந்து கொஞ்ச நேரம் முக்கி எடுத்தால் மேல் அடுக்கு கரைந்துவிடும். தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக்கூடாது. மொட்டைமாடியில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. பிறகு சோடா உப்புக் கரைசலில் அலசி, நல்ல தண்ணீரில் ஊறவைக்க வேண்டும்.

முக்கியமான இன்னொன்று. உயிருள்ள கல்லையோ ஜோயாந்தஸ் ஒட்டிய கல்லையோ சுத்தம் செய்கிறேன் என்று அடுப்பில் கொதிக்கவைக்க வேண்டாம். ஜோயாந்தஸ், பாலித்தோவா வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கடும் விஷம் இருக்கலாம், ஆவியோடு மூச்சில் போய்க் குடும்பமே ஆஸ்பத்திரியில் சேர்ந்த சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன.

சிங்கை_அலை

ஒட்டுகிற விஷயம். டேங்கின் அடிக்கண்ணாடி அளவுக்கு ஒரு அட்டையை வெட்டி, அக்கா சொன்ன 10 செ.மீ, 7 செ.மீ கோடுகளைப் போட்டு, அதன்மேல் கல்லை வைத்துப் பாருங்கள். அட்டையிலேயே இரண்டு மூன்று நாள் இருக்கட்டும், காலையில் ஒரு மாதிரி தெரியும், ராத்திரி வேறு மாதிரி தெரியும்.

கல்லும் கல்லும் சேருகிற இடத்தில் சூப்பர் க்ளூ ஜெல், அதன்மேல் எபாக்ஸி புட்டி, மறுபடி ஜெல் என்று வைத்து அழுத்தினால் நன்றாகப் பிடிக்கும். காய்ந்த நிலையில் இன்னொரு வழி, இடுக்கில் அரகொனைட் மணலைத் தூவி மேலே நீர்த்த சூப்பர் க்ளூ விட்டால் சில விநாடியில் கல்லாகிவிடும். சூடும் புகையும் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் கூரை மாதிரிப் பகுதிக்கு ஒட்டு மட்டும் போதாது, மேசன்ரி பிட்டால் துளை போட்டு அக்ரிலிக் கம்பி செருக வேண்டும். ஒரு கம்பி என்றால் கல் சுழலும், இரண்டு போடுங்கள். தண்ணீருக்குள் எபாக்ஸி பயன்படுத்தினால் ஸ்கிம்மர் ஒரு நாள் நுரையைக் கொட்டும், பயப்பட வேண்டாம்.

கல் கனமாகத்தானே இருக்கிறது என்று ஒட்டாமல் விடுவது வேண்டாம். காற்றில் 10 கிலோ உள்ள கல் கடல்தண்ணீருக்குள் ஆறு, ஆறரை கிலோவாகத்தான் இருக்கும். கடல்முள்ளெலி ஒன்று இருந்தால் சின்னக் கல்லை எல்லாம் தள்ளிவிடும்.

கோவை_உப்புநீர்

மணலா கல்லா முதலில் என்று கேட்டிருந்தீர்கள். கல்தான் முதலில், வெறும் கண்ணாடிமேல். உங்கள் பட்டியலில் பிஸ்டல் இறால் இருப்பதால் இதில் வேறு பேச்சே இல்லை. அது ஓயாமல் தோண்டும், கோபி வாசலில் காவல் நிற்கும். மணல்மேல் கல் உட்கார்ந்திருந்தால் அடியில் பறித்துக்கொண்டே போய் ஒருநாள் மொத்தமும் சரியும், கண்ணாடி உடையலாம், இறாலும் நசுங்கலாம். ஒவ்வொரு தீவும் மூன்று புள்ளியில் கண்ணாடியைத் தொடட்டும். கூரான முனை தொடாமல் தட்டையாக உடைத்து விடுங்கள். ஃபால்ஸ் சீலிங் லைட்டுக்கு வரும் பிளாஸ்டிக் கட்டத்தட்டைச் சிலர் அடியில் போடுகிறார்கள். எனக்குப் பிடிக்காது, மணல் விலகினால் அசிங்கமாகத் தெரியும், கட்டத்துக்குள் அழுக்கு நிற்கும். மெல்லிய அக்ரிலிக் துண்டைக் கல் தொடும் இடத்தில் மட்டும் வைத்தால் போதும். அப்புறம் 4 செ.மீ மணல், இறால் வளை கட்டக் கொஞ்சம் சிப்பித்தூளும் கலந்து.

ராயபுரம்_ரீஃப்

முடிவு செய்துவிட்டேன், பார்த்துச் சொல்லுங்கள். சிமென்ட் கல் 14 கிலோ அளவுக்குச் செய்கிறேன், 4 கிலோ சம்புக்கு. இடதுபக்கம் பெரிய தீவு, 27 செ.மீ உயரம், மேலே தட்டு மாதிரி லெதருக்கு. வலதுபக்கம் சிறியது, 15 செ.மீ, இருபக்கமும் திறந்த குகையோடு. நடுவில் 12 செ.மீ சந்து. வேவ்மேக்கர் இடது கண்ணாடியில். ஜோயாந்தஸ் இரண்டு தீவிலும், பச்சை ஸ்டார் பாலிப் கிடைத்தால் பெரிய தீவின் அடியில்.

கோவை_உப்புநீர்

நன்றாக இருக்கிறது. இரண்டு மாற்றம் மட்டும். வேவ்மேக்கரை வலதுபக்கம் கொண்டுபோங்கள். இடதில் இருந்தால் உயரமான தீவின் முகத்திலேயே அடிக்கும், லெதர் சுருங்கியே இருக்கும், சின்னத் தீவுக்கு ஓட்டமே போகாது. வலதிலிருந்து விட்டால் தாழ்ந்த தீவின் தலைக்கு மேலே போய்ப் பெரிய தீவைச் சுற்றித் திரும்பும்.

ஸ்டார் பாலிப்பைத் தீவில் ஒட்டவே ஒட்டாதீர்கள். பாய் விரித்த மாதிரி மொத்தக் கல்லையும் மூடிவிடும், ஜோயாந்தஸ் அடியில் போய்விடும், பிய்த்து எடுப்பதும் கஷ்டம். தனியாக ஒரு கையளவு கல்லில் வைத்து, சுற்றிலும் மணல் இருக்கிற மாதிரி முன்மூலையில் விடுங்கள். அதே மாதிரி படரும் ஜெனியா பவளம் வாங்கினாலும் அப்படியே.

மதுரை_சம்ப்

சம்புக்கு 4 கிலோவா, ஆறாக்குங்கள். மீதியெல்லாம் சரி. கல் புதிது என்பதால் முதல் சில மாதம் டயட்டம் என்ற பழுப்புப் பாசி, அப்புறம் பச்சைப்பாசி என்று வரிசையாக வரும், கல்லை வெளியே எடுத்துத் தேய்த்துப் பழையபடி ஆரம்பிக்காதீர்கள். நல்லபடியாக ஓடும் டேங்க் வைத்திருப்பவரிடம் சம்பிலிருந்து ஒரு கைப்பிடி சின்னக் கல் வாங்கி உங்கள் சம்பில் போடுங்கள், ஐப்டாசியா இல்லை என்று பார்த்து. பாக்டீரியாவும் ஊதா நிறக் கோரலைன் பாசியும் அதிலிருந்து பரவும்.

ராயபுரம்_ரீஃப்

சரி அண்ணா, சம்புக்கு 6 கிலோ. வேவ்மேக்கர் வலதுபக்கம், ஸ்டார் பாலிப் தனிக்கல்லில். இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் கலவை போடுகிறேன். டிரம்மில் ஊறும்போது வாராவாரம் பிஎச் அளவை இங்கேயே எழுதுகிறேன், 8.5க்குக் கீழே வந்ததும் அட்டைமேல் வைத்துப் படம் போடுகிறேன், ஒட்டுவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.